உங்கள் கரடி விழுந்தால் என்ன ஆகும்? – வீடியோகேம் உருவாக்கும் நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கண்காட்சிக் கூடத்தில், நீங்கள் நால்வரும் சேர்ந்து உருவாக்கியிருந்த விண்வெளிப் போர் விளையாட்டை அரைமணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு, பின்னால் வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகளின் முணுமுணுப்புக்குப் பயந்து இடத்தைக் காலி செய்த தமிழாசிரியரை உங்களுக்கு நினைவிருக்கலாம். எழுந்து போகும்முன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் ஐந்து விமானிகளில் ஒருவரான பழுப்புக் கரடியின் கலம் எதிரியின் குண்டு பட்டு அப்போதுதான் என் கண்முன்னே சிதறியிருந்தது. "இந்தக் கரடி விழுந்தா என்னப்பா ஆகும்?" என்றேன். உங்களில் கண்ணாடி போட்டவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாது சார், அஞ்சு செகண்டுல திரும்பி வந்துரும்" என்றார். அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, சேரன்மகாதேவி தாண்டும்வரை அந்தப் பதிலையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன். இந்த மடல் அதைப் பற்றியதுதான். உங்கள் நால்வருக்கு மட்டும் தனியே எழுதியிருக்கலாம்; ஆனால் அன்றைக்கு அதே கூடத்தில் வேறு இரண்டு குழுக்களின் விளையாட்டுகளிலும் இதே ஓநாயையும் இதே கழுகையும் பார்த்ததால், நம் பக்கத்தில் இந்த வேலையில் இறங்கியிருக்கும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கலம் திரும்பும்போது இறக்கை சாய்கிற நேர்த்தியும், விண்கற்களுக்கு நடுவே நுழைகையில் ஒலி ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாறுவதும், சாதாரண மடிக்கணினியில் ஓரிடத்திலும் திக்காமல் எல்லாம் ஓடியதும் மாணவர்களின் கைவேலை என்று நம்பக் கடினமாக இருந்தது. கலத்தில் எனக்குக் குறை இல்லை. கலத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது. ஓநாய், வெண்தலைக் கழுகு, சிறுத்தை, பழுப்புக் கரடி, பனிநாட்டு நாய் என்று ஐந்து பேரை வைத்திருக்கிறீர்கள். ஐவருக்கும் ஒரே உடம்பு, ஒரே அங்கி, ஒரே முறைப்பு; தலை மட்டும் வேறு. வேகம், தாக்குதல், கவசம் என்று மூன்று பட்டைகளின் நீளத்தை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்துவிட்டு, அதற்கு மேலே ‘குணம்’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். எதை முன்மாதிரியாகக் கொண்டீர்கள் என்று நான் கேட்டபோது, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ என்ற விண்வெளி விளையாட்டுத் தொடரை என்றீர்கள். அந்தப் பெயரைச் சொன்னதால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தொடர் என்னிடம் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. துபாயில் வேலை பார்த்த என் தாய்மாமா 1998-இல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, நிண்டெண்டோ 64 என்ற வீடியோகேம் பெட்டி ஒன்றையும், அதில் செருகி ஆடுவதற்கான விளையாட்டு அடங்கிய ஒரே ஒரு கேட்ரிட்ஜையும் கொண்டு வந்தார். கேட்ரிட்ஜின்மேல் ‘லைலட் வார்ஸ்’ என்றுதான் இருந்தது. ஸ்டார் ஃபாக்ஸ் 64 என்ற பெயரில் 1997-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளியான விளையாட்டு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘லைலட் வார்ஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டது என்பதும், 1993-இல் வந்த முதல் விளையாட்டுக்கும் ஐரோப்பாவில் ‘ஸ்டார்விங்’ என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் கல்லூரி முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. பெட்டியோடு, ஆட்டத்தை இயக்கும் கைப்பிடியில் செருகுவதற்கான அதிர்வுக் கருவி ஒன்றும் வந்தது. அதற்கு வேண்டிய மெல்லிய பேட்டரி அப்போது அம்பாசமுத்திரத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் விண்வெளிப் போர் கடைசிவரை அதிராமலே நடந்தது.

நானும் என் தம்பியும் சித்தி பிள்ளைகள் இருவருமாக நாங்கள் நான்கு பேர். விளையாட்டில் விமானிகளும் நான்கு பேர்: ஃபாக்ஸ் என்ற நரி, ஃபால்கோ என்ற வல்லூறு, பெப்பி என்ற முயல், ஸ்லிப்பி என்ற தேரை. கைப்பிடி ஒன்றே ஒன்று. ஆகவே கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ அவர் நரி; மற்ற மூவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு துணை விமானியாகிவிட வேண்டும். எங்கள் ஆங்கிலமோ பாடப்புத்தக அளவு. திரையின் அடியில் ஒரு சிறு சதுரத்துக்குள் முகம் காட்டி அவர்கள் படபடவென்று பேசுவதில் பாதி பிடிபடாது. ஒருநாள் தம்பி எதையோ அழுத்தப்போய், பேச்சை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்தான். எங்களிடம் இருந்த பதிப்பில் ஆங்கிலம் வேண்டாமென்றால் ‘லைலட்’ மொழி என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அது எந்த நாட்டு மொழியும் அல்ல, வெறும் உளறல் ஒலி. எங்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்த உளறலுக்கு நாங்கள் குரல் கொடுத்தோம். "ஏலே, பொறத்தால ஒருத்தன் வாராம்லே!" என்று முயல் கத்தும். "எனக்குத் தெரியும், நீரு ஒம்ம சோலியப் பாரும்" என்று வல்லூறு முறைக்கும். தேரைக்கு எப்போதும் ஒரே வசனம்தான்: "அண்ணே, என்னைய விட்டுட்டுப் போயிராதிய!" நால்வரில் இளையவளான சித்தி மகளின் தலையில் அந்தத் தேரையைக் கட்டியிருந்தோம்.

‘செக்டார் எக்ஸ்’ என்ற கட்டத்தின் முடிவில் பெரிய எந்திரன் ஒன்று வரும். அதை விரைவாக வீழ்த்தாவிட்டால், ஆர்வக்கோளாறில் தானே முன்னால் பாயும் தேரையை அது கையால் அறைந்து, டைட்டானியா என்ற பாலைவனக் கிரகத்தில் போய் விழும்படி எறிந்துவிடும். முதல் தடவை அது நடந்தபோது சித்தி மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த கட்டத்தில் கலத்தை விட்டுவிட்டுக் கவச வண்டியில் ஏறி, மணலில் உருண்டுகொண்டு, நாங்கள் மூன்று பேரும் தேடிப்போனது ஸ்லிப்பியை அல்ல, அவளைத்தான். அன்றைக்கு இரவுச் சாப்பாடு ஆறிப்போனதற்காகச் சித்தியிடம் வாங்கிய வசவு தனிக்கதை.

ஒரு தேரை பொம்மை விழுந்ததற்கு எட்டு வயதுப் பிள்ளை ஏன் அழ வேண்டும்? தேரை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்லிப்பி சுடுவதிலும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் அந்த அணியின் எந்திர வேலைக்காரன் அவன். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் வரும் பெரிய எதிரியை ஆராய்ந்து, அதற்கு இன்னும் எவ்வளவு வலு மிச்சம் என்று திரையில் ஒரு பட்டையாகக் காட்டுவது அவன்தான். அவன் அடிபட்டுத் தாய்க்கலத்துக்குத் திரும்பிவிட்டால் அடுத்த கட்டத்தில் அந்தப் பட்டை இருக்காது. இருட்டில் அடிப்பதைப் போல, எவ்வளவு அடித்தோம், இன்னும் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் ‘தொணதொண’ என்று உதவி கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல் இல்லாத வெறுமை உறைக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்வதை அந்த ஜப்பானியர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை; ஆனாலும் வாயால் கெடுகிற ஒரு நுணலைச் செய்து, அதன் வாய் அடங்கினால் நமக்குத்தான் நட்டம் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் கரடிக்கும் இதற்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்: கரடி போனால் ஐந்து நொடியில் வருகிறது, தேரை போனால் ஒரு கட்டம் முழுக்க வருவதில்லை.

மற்றவர்களையும் பாருங்கள். முதல் கட்டமான கொர்னீரியாவில் நீர்மேல் நிற்கும் கல் வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் அடியில் நுழைந்து பறந்து, இடையில் எதிரிகளிடம் மாட்டிக்கொள்ளும் ஃபால்கோவையும் காப்பாற்றினால், அவன் தன்னைப் பின்தொடரச் சொல்லி ஓர் அருவிக்குள் புகுவான். அருவிக்குப் பின்னால் வேறு பாதை, வேறு எதிரி, அதன்பின் வேறு கிரகம். ஏழு கட்டங்களில் முடிகிற பயணம் எந்த வழியாகப் போகும் என்பது இப்படித் துணைவர்களைக் காப்பதிலும் தொங்குகிறது. ஃபால்கோ நன்றி சொல்லத் தெரியாதவன். காப்பாற்றினாலும் முகத்தைச் சுளிப்பவன். அப்படிப்பட்டவன் நமக்கு வழி காட்டுவதில்தான் சுவை. முயலோ அணியின் மூத்தவர். ஃபாக்ஸின் தந்தை ஜேம்ஸோடு சேர்ந்து பறந்தவர். கூடவே பறந்த பிக்மா என்ற பன்றி காட்டிக்கொடுக்க, ஜேம்ஸ் சிக்கிக்கொண்டபோது உயிர்தப்பி வந்து மகனிடம் செய்தி சொன்னவர். அதனால்தான் அவர் சொல்கிற பறப்பு நுணுக்கம் ஒவ்வொன்றும் பயிற்சிக் குறிப்பாக இல்லாமல் பெரியவர் ஒருவரின் கவலையாகக் காதில் விழுகிறது. எதிரியின் குண்டுகளைச் சிதறடிக்கக் கலத்தைச் சுழற்றச் சொல்லி அவர் இடும் கூச்சல் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அவர் ‘பேரல் ரோல்’ என்று சொல்வது உண்மையில் வேறொரு சுழற்சி என்று விமானம் தெரிந்தவர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், முயலுக்கு மூன்று கால்தான் என்று அவர் அடம்பிடித்தாலும் நான் அவர் பக்கம்.

இந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன என்பது இதைவிட முக்கியம். 1993-இல் முதல் விளையாட்டை உருவாக்கியபோது, நிண்டெண்டோவின் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவுக்கு மனிதரும் எந்திரரும் அரக்கரும் மோதிக்கொள்கிற வழக்கமான விண்வெளிக் கதையில் விருப்பம் இல்லை. கியோட்டோவில் அவர்கள் அலுவலகத்துக்கு அருகே ஃபுஷிமி இனாரி என்ற பழைய ஆலயம் இருக்கிறது. இனாரி நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். நரி அத்தெய்வத்தின் தூதன். மலைச்சரிவெங்கும் ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் வரிசையாக நிற்கும் அந்த ஆலயத்திலிருந்துதான் விமானி நரியாக வந்தது. வளைவுகளுக்குள் நுழைந்து நுழைந்து பறக்கிற ஆட்டமும் அங்கிருந்தே வந்தது. பாத்திரங்களை வரைந்த தகாயா இமாமுரா, முயலையும் பறவையையும் தம் நாட்டு நாட்டார் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். நல்லவர்களின் படையை நாய்களாகவும் எதிரிகளைக் குரங்குகளாகவும் அமைத்தது இன்னும் நுட்பம்: நாம் ‘கீரியும் பாம்பும் போல’ என்று சொல்கிற இடத்தில் ஜப்பானியர் ‘நாயும் குரங்கும் போல’ என்பார்கள். தளபதி பெப்பர் நாயாகவும், அவர் நாடுகடத்திய அறிவியலாளன் ஆண்ட்ராஸ் குரங்காகவும் இருப்பதன் காரணம் அதுதான். ஒரு விண்வெளிப் போரின் காரணத்தையே தம் பேச்சு வழக்கிலிருந்து உருவியிருக்கிறார்கள். பெட்டியின் அட்டைப்படத்துக்குக்கூடப் பொம்மைகள் செய்துதான் படம் பிடித்தார்கள். மியாமோட்டோவுக்கு இங்கிலாந்துத் தொலைக்காட்சியின் பொம்மை நாடகங்கள்மேல் பிரியம். நம் தென்கோடியில் தோற்பாவைக் கூத்து நடத்துபவர் ஒருவரே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனை பாவைகளுக்கும் குரல் மாற்றிப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, திரையின் மூலையில் ஒரு சிறு முகம் வாயசைப்பதே முழு நாடகமாகப் போதும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த முதல் விளையாட்டுக்கான முப்பரிமாணத் தொழில்நுட்பத்தையும் அதற்கான கணக்குகளைப் போடும் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற சில்லையும் கொண்டுவந்த ஆர்கொனாட் என்ற இங்கிலாந்து நிறுவனத்திலிருந்து கியோட்டோவுக்குப் போன நிரலாளர்கள் ஏறத்தாழ உங்கள் வயதுடையவர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கணக்குப் போட்டதில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. நரி மட்டும் ஆலயத்து நரி.

நீங்கள் அந்த நரியை எடுத்துக்கொண்டு அதை ஓநாயாக்கினீர்கள். நரியையே எடுத்திருந்தாலும் நான் கேள்வி கேட்டிருப்பேன், ஏனென்றால் நம்முடைய நரி வேறு. கதைகளில் அது தந்திரக்காரன். ஆனால் காலையில் ஒருவருக்கு எதிர்பாராத நன்மை நேர்ந்தால் ‘நரி முகத்திலா முழிச்சே?’ என்றும் நாமே கேட்கிறோம். மதுரையில் அது பகலில் பரியாக நின்று, அன்றிரவே ஊளையிட்டுக் காட்டிக்கொடுத்தது. நம் வயல்களில் இரவில் ஊளையிடுவதும் ஃபாக்ஸின் இனமான செந்நரி அல்ல, வேறு இனம். நெல்லுக்குரிய தெய்வத்தின் தூதன் என்று கேட்டதும், வேதசர்மர் காயப்போட்ட நெல்லை வெள்ளம் கொண்டுபோகாமல் இறைவன் வேலியிட்டுக் காத்த ஊர் என்று தலபுராணம் சொல்கிற திருநெல்வேலியில் பிறந்த எனக்கு, அறுத்த வயலில் எலிக்கும் நண்டுக்கும் அலைகிற நரியைக் காவல்காரனாகப் பார்க்கத் தோன்றியது. அந்தப் பார்வை கியோட்டோவிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்த்தது என் வயலில்.

குரங்கையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் விளையாட்டிலும் எதிரிகளின் தலைவன் ஒரு பெரிய குரங்கு. பாபநாசம் படித்துறையில் கைப்பையைப் பறிகொடுத்தவர்கள் அதை வரவேற்கக்கூடும். ஆனாலும் நம் மாவட்டத்தில் பணகுடிப் பக்கம் மகேந்திரகிரி இருக்கிறது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களையும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் ஓட்டிச் சோதிக்கும் இடம் அது. அந்த மலையிலிருந்துதான் அனுமன் இலங்கைக்குத் தாவினான் என்பது நம் ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. எஞ்சின் முழக்கம் கேட்கிற மலையில், கடலைத் தாண்டிய குரங்கு ஒன்று ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருக்கிறது. உங்கள் கதையில் அது வில்லனாக நிற்கிறது. களக்காடு–முண்டந்துறைக் காட்டில் சோலைமந்தி இருக்கிறது. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் நுனியில் குஞ்சம் வைத்த வாலுமாக, மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்குவதையே தவிர்க்கிற விலங்கு. தரையிறங்க மறுக்கிற விமானி ஒருவர் உங்கள் அணியில் இருந்தால் எத்தனை சிக்கல்கள் வரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

வெண்தலைக் கழுகை எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது அமெரிக்க நாணயங்களில் இருக்கிறது. உண்மையான விமானி வேண்டுமானால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளத்துக்குப் போங்கள். வீட்டு வாசல் மரத்தில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்ட, கீழே எச்சம் விழுகிற முற்றத்தில் ஆட்கள் தம்பாட்டுக்கு வேலை பார்க்கிற ஊர். அந்தக் குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வருகிறது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், மற்றபடி பார்வைக்கு அடக்கமான சாம்பல் வாத்து. திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து இமயத்தைத் தாண்டி வருவது அது. 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் அது பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். மற்ற பறவைகள் மூச்சுத் திணறும் மெல்லிய காற்றிலிருந்தும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும்படி அதன் இரத்தம் அமைந்திருக்கிறது. இதை அப்படியே விளையாட்டின் விதியாக்கலாம்: மற்றவர்களின் எஞ்சின் திணறுகிற உயரத்தில் வழி கண்டு போகக்கூடியது வாத்து ஒன்றுதான், வாத்து அடிபட்டால் மேல்வழி மூடிக்கொள்ளும், பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். வாத்துக்கு முறைக்கத் தெரியாது. மாறி மாறி ஒலியெழுப்பிக்கொண்டே பறக்கும். வீரனாக வரைய முடியாதே என்று தயங்காதீர்கள். தேரையை வரைந்தவர்கள் தயங்கவில்லை.

கரடிக்கு வருகிறேன். உங்கள் கரடி பழுப்பு நிறத்தில், மீன் பிடிக்கிற நாட்டைச் சேர்ந்தது. நம் மலைக்கரடி கறுப்பு. சடைசடையான முடி, நெஞ்சில் வெளுப்பாய் ஒரு வளைவு, தொங்கும் உதடு. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. கறையான் புற்றை நீண்ட நகத்தால் பிளந்து, மூக்குத் துளையை மூடிக்கொண்டு, அந்தப் பல் இடைவெளி வழியாகப் புழுதியை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும் என்பார்கள். மூடிக்கிடக்கிற எதிரித் தளத்தை மோப்பம் பிடித்து உடைத்துத் திறக்க இதைவிடப் பொருத்தமானவர் யார்? அவர் விழுந்துவிட்டால் கதவு திறக்காது. சுற்றுவழி, இரண்டு மடங்கு நேரம், கூடுதல் எதிரிகள். அப்போது நான் கேட்ட கேள்விக்கு உங்களிடம் வேறு பதில் இருக்கும். கொஞ்சம் கோபக்காரராகவும் இருக்கட்டும். மஞ்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களிடம் கரடியின் கோபத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மாலைப்பொழுது போதாது.

போருக்குக் காரணம் தேடுகிறீர்கள் என்றால், கீரியும் பாம்பும் நம் நாக்கிலேயே இருக்கிறார்கள். கீரி பலத்தால் வெல்வதில்லை. பாம்பு கொத்தக் கொத்த விலகி விலகி, அது களைத்த கணத்தில் தலையைக் கவ்வும். முயல் பெரியவர் கத்திக் கத்திச் சொன்ன சுழற்சியை அது பிறந்ததிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது.

ஸ்டார் ஃபாக்ஸ் தொடரே எப்போதும் இந்தப் பாடத்தை மறக்காமல் இருந்ததா என்று கேட்டால், இல்லை. 2002-இல் வந்த ‘அட்வென்சர்ஸ்’ விளையாட்டில் ஃபாக்ஸைக் கலத்திலிருந்து இறக்கி, கையில் கோலைக் கொடுத்து, டைனோசர்களின் கிரகத்தில் பெரும்பாலும் நடக்கவிட்டார்கள். வேறொரு விளையாட்டாகத் தொடங்கியதை இந்தத் தொடருக்குள் பொருத்திய தையல் அதில் தெரியும். கிரிஸ்டல் என்ற நீல நரி கிடைத்தாள் என்பது ஒரு லாபம். ஃபால்கோவைக் கடைசிவரை காத்திருக்க வைத்ததை நான் மன்னிக்கவில்லை. 2006-இன் ‘கமாண்ட்’ விளையாட்டில் விமானிகளுக்குத் தனித்தனிக் கலங்களும் ஒன்பது முடிவுகளும் வைத்தார்கள். குணத்தைக் கலத்தின் நடையிலேயே காட்டிய நல்ல முயற்சி, முடிவுகளில் சில வெறும் பரபரப்பு. 1990-களின் நடுவிலேயே முடித்துவைத்து வெளியிடாமல் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2 ஒருவழியாக 2017-இல்தான் மக்கள் கைக்கு வந்தது. அதிலிருந்த மியு என்ற காட்டுப்பூனையும் ஃபே என்ற நாயும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் காத்திருந்த விமானிகள். தாமதமானால் பரவாயில்லை என்று உங்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

இன்னொன்று, பேச்சு. உங்கள் விமானிகள் தமிழ் பேசுகிறார்கள் என்று சொல்லித்தான் என்னை அழைத்துச் சென்று உட்கார வைத்தீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் "நீ என்னை ஏமாற்றிவிட முடியாது, முட்டாளே" என்று மொழிமாற்றுப் படத்தில் வருகிற தமிழை அவர்கள் பேசுகிறார்கள். மின்னல் வேகத்தில் போகிற கலத்துக்குள் உட்கார்ந்து யாரும் அவ்வளவு நீளமாகப் பேசமாட்டார்கள். விமானிகளின் பேச்சு ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். அந்த ஒரு மூச்சில் பேசுகிறவரின் வயதும் உறவும் தெரிய வேண்டும். அதற்கு நம் வட்டாரப் பேச்சு தந்திருக்கிற வசதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. ‘ஏலே’ என்றால் இளையவன், ‘வே’ என்றால் சமவயதுக்காரன், ‘அண்ணாச்சி’ என்றால் மரியாதையும் கொஞ்சம் எச்சரிக்கையும். கரடி கீரியை ‘ஏலே’ என்றும், வாத்து கரடியை ‘அண்ணாச்சி’ என்றும் கூப்பிட்டாலே மூன்று பேருக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும். மூன்று பட்டைகளையும் எடுத்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரையில் வட்டாரச் சொல் வந்தால் சிவப்பு மையால் சுழிக்கிற ஆள்தான் இதைச் சொல்கிறேன். கட்டுரை வேறு, கலம் வேறு.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இறுதித் தேர்வுக்குப் பிறகு விளையாட்டை வெளியிடப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி, நான்கு பேரும் கூந்தன்குளம் போய்விட்டு, அப்படியே மேற்கே வாருங்கள். காரையாறு போகும் பேருந்து அம்பாசமுத்திரம் வழியாகத்தான் போகும், மதியச் சாப்பாடு என் வீட்டில். ஓநாயையும் வெண்தலைக் கழுகையும் பனிநாட்டு நாயையும் வழியனுப்பிவிடுங்கள். சிறுத்தை இருக்கலாம், அது நம் காட்டில் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் தனியாக அலைகிற விலங்கு என்பதை மறக்காமல், அணியோடு சேர்ந்து பறக்க மறுக்கிறவராக வையுங்கள். ஒவ்வொரு விமானியின் பெயருக்கு எதிரேயும் ‘இவர் விழுந்தால் ஆடுபவர் எதை இழக்கிறார்’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வரி எழுத முடியாத விமானியை எடுத்துவிடுங்கள். நான்கு பேர் மிஞ்சினால் போதும், மூன்று பேர் மிஞ்சினாலும் போதும்.

எழுதி முடித்ததும் விளையாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். பொங்கல் விடுமுறைக்கு என் சித்தி மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாள். வீட்டில் இப்போதும் கைப்பிடி ஒன்றுதான் இருக்கிறது. யார் கரடி, யார் கீரி என்பதைத் தரையில் உட்கார்ந்து அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். கரடி விழும்போது நான் திரையைப் பார்க்கப் போவதில்லை, அந்தப் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தமிழாசிரியர்